இரண்டு சிவப்பு வயர்

மில்லில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் மாவு அரைக்க வந்தவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். மிளகாயா மல்லியா என்பதை வாளியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பதால் தொழில் கெடவில்லை. ஆனால் போன வருசம் திருநகரில் வீட்டைக் கட்டிக் குடிவந்த கையோடு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இடது காதில் போனை வைத்தால் எதிராளி கிணற்றுக்குள் நின்று பேசுவது மாதிரி இருந்தது. காது போகிறதோ? டாக்டரிடம் போயிருக்கலாம். போனால் சொல்லிவிடுவாரே என்றுதான் போகவில்லை. போகிற காது போவதற்குள் நல்ல செட்டில் நாலு பாட்டை ஒழுங்காகக் கேட்டுவிடலாம் என்று ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, வம்பு பெட்டியில் இல்லை, அதை இணைக்கிற வயரில் இருக்கிறதென்று. செல்போனில் வீடியோ பார்த்தேன். ஒருத்தர் தடிமனாக இருக்க வேண்டும் என்றார். இன்னொருத்தர் தடிமன் ஏமாற்று வேலை என்றார். மூன்றாமவர், ஆக்சிஜன் இல்லாத செம்பாகப் பார்த்து வாங்கச் சொன்னார். செம்புக்கு எதுக்கு ஆக்சிஜன், அது என்ன மூச்சா விடுது? யாரிடம் கேட்பது?

கடையில் ஸ்பீக்கர் வயர் என்றால் சிவப்பும் கறுப்பும் ஒட்டிப் பிறந்த இரட்டை வயரைத்தான் தருகிறார்கள். அதைக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரி வாசலிலேயே மறித்தாள்.

"பால் காச்சி ஒரு மாசம் ஆகல. கறுப்ப வீடு பூராம் இழுத்துவிடப் போறீகளா?"

"வாங்குன பெட்டியே கறுப்புத்தானடி."

"பெட்டி ஓரமா உக்காந்துருக்கு. இது சுவத்துக்குள்ள ஓடுதுல்ல?"

அவள் சொன்னதும் எனக்கே உறுத்த ஆரம்பித்துவிட்டது. பயந்தவனிடம் புதுசாக ஒரு பயத்தைக் கொடுத்தால் வேண்டாமென்றா சொல்வான்? வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். திரும்பக் கடைக்குப் போய், வீட்டு வயரிங்குக்குப் போடுகிற சிவப்பு ஒற்றை வயரை ஒரு கட்டு வாங்கினேன்.

"ரெண்டும் செவப்புன்னா எது பிளஸ் எது மைனஸ்னு எப்டிண்ணே பிரிப்பீங்க?" என்றார் கடைக்காரர்.

"பிளஸ்ல மஞ்சள் நூல் சுத்திக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பில் போட்டார்.

வயர் இழுக்க அலங்காநல்லூரிலிருந்து மாப்ள வந்தான். வீட்டுக்காரியின் தம்பி. ஊர்ப்பக்கம் விசேச வீடுகளுக்கு மைக்செட் போடுகிறவன். சுவரில் பதித்த பைப்பு வழியாக அவன் இழுத்த இழுப்பில் இடது ஸ்பீக்கர் பக்கம் நான் சுற்றியிருந்த நூல் உருவிக்கொண்டு உள்ளேயே போய்விட்டது.

"மாப்ள, நூலக் காணமே. எது பிளஸ்ஸு?"

"மாமா, நான் கம்பம் கம்பமா ஹாரன் கட்டுறவன். என்னைக்காச்சும் இதெல்லாம் பாத்துருக்கனா? ஊரே கேக்குதுல்ல?"

தோன்றியபடி சொருகினான். பாட்டுப் போட்டோம். சத்தம் வந்தது, பாட்டு வரவில்லை. எப்படிச் சொல்வது? பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே பிடிபடவில்லை. ஹால் பூராவும் கரைந்துபோய்க் கிடந்தார். தபேலா பலகையைத் தட்டுகிற மாதிரி ஒலித்தது. அவ்வளவுதான், காது போச்சு.

"எப்டி மாமா இருக்கு?"

"நல்லாருக்கு மாப்ள."

"நல்லாருக்குன்னு சொல்ற மூஞ்சியா இது? வயரு மெல்லிசு மாமா. நான் திருவிழாவுக்குப் போடுற வயரு கொண்டாரேன், அம்புட்டும் செம்பு."

அந்த வயர் பைப்புக்குள் நுழையாது என்று சொல்லி அவனைப் பஸ் ஏற்றிவிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சார் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டிலும் பெரிய செட் உண்டு. என் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்பீக்கர் வயரை விடுங்க தம்பி. பவர் கேபிள் சரியில்லை. கரண்டே அழுக்கா வருது, பாட்டு எப்படிச் சுத்தமா வரும்?"

அவர் வீட்டிலிருந்தே ஒன்றை எடுத்து வந்தார். சாரைப்பாம்புத் தடிமன். வளையவே மாட்டேனென்றது. அதைச் சொருகியதில் பெட்டியே சுவரை விட்டு முன்னால் நகர்ந்தது.

"சார், கம்பத்துல இருந்து வீட்டுக்கு வர்ற வயரு மெல்லிசுதான? கடைசி ஆறடி மட்டும் தடிச்சா என்ன ஆகும்?"

"அந்தக் கடைசி ஆறடிதான் தம்பி எல்லாமே."

பாட்டு ஓடியது. அவர் கேபிளைப் பார்த்தபடியே தலையாட்டினார். "எப்படி? திரை விலகின மாதிரி இல்லை?"

ஒரு மண்ணும் மாறவில்லை. அதே பலகை, அதே கரைசல். ஆனால் எட்டாவதோடு நின்றவன் நான். வாத்தியார் கேள்வி கேட்டால் இன்றைக்கும் வாயில் ஒன்றுதான் வரும். "ஆமா சார், விலகிருச்சு."

அவர் சந்தோசமாகப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்ளைக்குக் கேட்கிறது, சாருக்குக் கேட்கிறது. கேட்காதவன் நான் ஒருத்தன்தான் என்றால் வேறென்ன அர்த்தம்?

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி சோபாவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பாடுகிறவர் ஆளாக வந்து ஹாலில் நின்று பாடிக்கொண்டிருந்தார். தபேலாவுக்கு வயிறு முளைத்திருந்தது.

"என்னடி பண்ணுன?"

அவள் பயந்து எழுந்தாள். "ஒண்ணும் பண்ணல. தூசி தட்டுறப்ப அந்த லெப்ட் ஸ்பீக்கர் வயரு கையோட வந்துருச்சு. ரெண்டும் செவப்பா இருந்துச்சா, எது எதுல இருந்துச்சுன்னு தெரியல. சும்மா அமுக்கிச் சொருகிட்டேன். கெட்டுப்போச்சா?"

அந்த இரண்டையும் மாற்றிச் சொருகிப் பார்த்தேன். பாடகர் கரைந்துபோனார். திரும்ப மாற்றினேன். வந்து நின்றார். பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிக் கிடந்திருக்கின்றன. இதற்கா தடிமன், இதற்கா அழுக்குக் கரண்டு, இதற்கா மூச்சு விடாத செம்பு? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்கு உள்ளே சந்தோசம். காது போகவில்லை!

"பாருடி, கரெக்டா சோத்தாங்கைப் பக்கமா நின்னு பாடுறாரு."

அவள் திரும்ப உட்கார்ந்து கேட்டாள். "நடுவுலதான நிக்கிறாரு?"

"இல்ல, கொஞ்சம் அந்தப் பக்கம்."

அவளை எழுப்பிவிட்டு அவள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். அப்போதும் வலது பக்கம்தான் நின்றார். அவள் போய் ஆம்ப்ளிஃபயரில் இடம் வலம் மாற்றுகிற திருகைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினாள். "இப்ப?"

"இப்ப நடுவுல."

அவள் என் பின்னால் வந்து நின்று கேட்டாள். "எனக்கு இப்ப பீச்சாங்கைப் பக்கம் போயிட்டாரு." அவள் சிரிக்கவில்லை. செட்டை நிறுத்தினாள். "சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. காது டாக்டர்ட்டப் போவோம்."

டூவீலரை வெளியே எடுத்துவிட்டுக் கேட்டைப் பூட்டும்போது சார் வந்துகொண்டிருந்தார். கையில் இன்னொரு கேபிள்.

"தம்பி, இதையும் போட்டுப் பார்த்துட்டீங்கன்னா..."

"அவுகளுக்கு ஒரு காது சரியாக் கேக்கல சார். டாக்டரப் பாக்கப் போறோம்" என்றாள் வீட்டுக்காரி, பட்டென்று. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சார் கேபிளைச் சுருட்டினார். சுருட்டியதையே மறுபடி சுருட்டினார்.

"எந்த டாக்டர் தம்பி? பொறுமையாப் பாப்பாரா?"

"தெரியல சார். இப்பத்தான் முதத்தடவ போறேன்."

"எனக்கும் ரொம்ப நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு கேபிளைத் தன் வீட்டுத் திண்டின் மேல் வைத்துவிட்டு வந்தார். டூவீலரில் மூன்று பேர் போக முடியாது. அதை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, மெயின் ரோட்டில் ஆட்டோவுக்கு நின்றோம்.