லாரிப் பலகையில் ஒரு முகம்

எனக்குத் தெரிந்த ஒருவரின் துயரத்தைக் கதையாக்கினேன். அதில் ஒரு பொய்யையும் சேர்த்தேன்.

அவர் குமணன்சாவடியில் லாரிகளுக்குப் படம் வரையும் பெயின்டர். எந்த லாரியின் பின்பலகையில் பெண்ணை வரைந்தாலும் ஒரே முகம்தான். ஆவடித் தொழிற்சாலை வேலை முடிந்து வரும்போது நின்று பார்ப்பேன். ஒருநாள் அது யார் என்று கேட்டேன்.

"என் சம்சாரம் சார். கொழந்த செத்ததும் அம்மா ஊட்டுக்குப் போய்ட்டா. ஏதாவது ஒரு லாரி அந்த ஊர் வழியாப் போவும்ல?"

கதையில் சுவை போதவில்லை என்று, அவள் வேறொருவனோடு ஓடியதாக எழுதினேன். பத்திரிகையில் வந்ததும் பெருமையாக அதை அவர் பட்டறையில் கொடுத்தேன். அதைப் படித்த ஒரு டிரைவர் அவரிடம், "இன்னா அண்ணாத்தே, அண்ணி இப்ப யாரோட கீறாங்க?" என்று சிரித்தார். பெயின்டர் பிரஷ்ஷைக் கழுவினார்.

ஓடிப்போனது என் கற்பனைதான் என்று அதே பத்திரிகைக்கு எழுதினேன். அது அச்சில் வந்ததும் பட்டறையில் எல்லோர் முன்னும் படித்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"பரவால்ல சார். ஆனா மொத புக்கு அவ ஊருக்கும் போய்ட்டுதாம். இது போவல."

இரண்டையும் எடுத்துக்கொண்டு நானே அந்த ஊருக்குப் போனேன். அவள் அண்ணன் வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பினார்.

அதைத் திரும்பி வந்து சொன்னேன். அதன்பின் பெயின்டர் பின்பலகைகளில் தாமரை மட்டுமே வரைந்தார்.