தம்பி என்று எழுதிய குழாய்

எங்கள் மூச்சுப் பரிசோதனை அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் அக்காவுக்கு 'இழு அக்கா' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. காரணம் மட்டும் நடைபாதைக் கடைசிவரை கேட்கும். நோயாளியின் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியே விடச் சொல்லுவார். பிறகு மறுமுனை அடைத்த அந்தக் குழாயில் மூச்சை இழுக்க வேண்டும். "இழு, இழு, இழு" என்று அவர் போடும் சத்தத்தில் பாதிப் பேருக்குப் பயத்திலேயே பலம் வந்துவிடும். மூச்சுத் தசை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பது திரையில் எண்ணாக வரும். அந்த எண்ணைத் தவிர வேறெதையும் அக்கா நம்பியதில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைப் பதிவு செய்யும் என்னைக்கூட.

அவருடைய தம்பி பூட்டு ரிப்பேர்க்காரர். தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய் அவருக்கு. முதலில் கால், பிறகு கை. எண் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் முகமூடி வைத்த மூச்சு இயந்திரம் உடனே வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவு. கண்டவர் வாய் வைத்த குழாய் தம்பிக்கு எதற்கு என்று அக்கா ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். கைமாறிப் போகாமலிருக்க வெள்ளை டேப் சுற்றி 'தம்பி' என்று எழுதினார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. எண் அசையவில்லை. அக்கா எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தந்தார்.

ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார் தம்பி. உட்கார்ந்தேதான் தூங்குகிறார், விடிந்தால் தலைவலி என்று தம்பி மனைவி வந்து அழுதாள். டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அக்காவுக்கோ மூக்குக்கு மேல் கோபம். உன் செல்லம்தான் அவனைக் கெடுக்கிறது என்று அவளை விரட்டினார். தம்பியை என் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"நம்பர் நல்லாத்தான் இருக்கு. வியாதி உனக்கு நெஞ்சுல இல்ல, மனசுல. நடிக்காத."

தம்பி பதில் பேசவில்லை. பேச மூச்சு இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அன்று நானும் அந்த எண்ணைப் பதிவு செய்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

அடுத்த அளவுக்கு வந்து அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். டேப்பில் எழுத்து மங்கிவிட்டதென்று அக்கா அதை உரித்தார். உரித்த கை அப்படியே நின்றது. எல்லாக் குழாயிலும் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை உண்டு. நெஞ்சால் இழுக்காமல் கன்னத்தால் மட்டும் உறிஞ்சினால், அதன் வழியே காற்று புகுந்து எண்ணை ஏறவிடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அக்கா சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். அவர் ஒட்டிய டேப் அந்தத் துளையின் மேல் இருந்தது.

அக்கா டேப்பை மறுபடி ஒட்டினார். மூச்சை அடக்கிக்கொண்டு கன்னத்தால் மட்டும் உறிஞ்சினார். திரையில் ஐம்பத்தாறு. இத்தனை மாதமும் நான் பதிவு செய்தது தம்பியின் கன்ன பலத்தைத்தான்.

தம்பியை உள்ளே அழைத்து வேறு குழாய் கொடுத்தோம். இழு என்று சொல்ல அக்காவுக்குக் குரல் எழவில்லை, நான் சொன்னேன். கழுத்து நரம்பு புடைக்க மூன்று முறை இழுத்தார். இருபத்திரண்டு. பத்தொன்பது. இருபத்தொன்று.

எவ்வளவு என்று கேட்டார் தம்பி. அக்கா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"ஆறு மாசமா நான் தப்பா அளந்திருக்கேன்டா. துளைய நானே அடைச்சு வெச்சிருக்கேன்."

டாக்டருக்குப் போன் செய்தேன். ரொம்பத் தாமதமாகிவிட்டது, இந்த நிமிடமே வார்டில் சேருங்கள் என்றார். சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்தோம். தம்பி திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அப்ப... நான் நடிக்கல... இல்லக்கா? எனக்கே... சந்தேகம் வந்துடுச்சு."