குதிரை நிலையில் நின்ற நாள்

ஐம்பத்து மூன்றாவது வயதில் குங்ஃபூ வகுப்பில் சேர்ந்தேன். ஸ்காபரோவில் நான் சமையல் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சமூக நிலையம். சனிக்கிழமை காலைகளில் வகுப்பு. பதியப் போனபோது அங்கிருந்த பெண் என் நரையைப் பார்த்துவிட்டு, கதிரையில் இருந்தபடி செய்யும் உடற்பயிற்சிக்கான படிவத்தை நீட்டினாள். அதைத் திருப்பிக் கொடுத்து, எனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கினேன்.

யாரையும் அடிக்கும் எண்ணம் எனக்கில்லை. பதினான்கு வயதில் கராத்தே பழகக் கேட்டபோது, "பொம்பிளைப் பிள்ளைக்கு உது ஏன்?" என்று வீட்டில் மறித்தார்கள். இப்போது மறிக்க யாருக்கும் உரிமையில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மூன்று மாதம் நிற்கத்தான் பழக்கினார்கள். கால்களை அகட்டி, முழங்கால்களை மடித்து, குதிரைமேல் இருப்பதுபோல அசையாமல் நிற்க வேண்டும். முதல் நாள் அரை நிமிடத்தில் விழுந்தேன். பிறகு வீட்டில் சோறு வேகும்வரை திரும்பத் திரும்ப நின்று பழகினேன்.

ஒரு திங்கட்கிழமை வேலையில் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு சமைக்கும் ஹொங்கொங்காரி பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துவிட்டு, "நல்ல குங்ஃபூ" என்றாள். வகுப்புக்குப் போகும் செய்தி சமையலறை வரைக்கும் வந்துவிட்டதென்று எனக்குக் கோபம் வந்தது. கத்தியை வைத்துவிட்டு, "என்னைப் பகிடி பண்ணுகிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் திகைத்துப்போனாள். என் வகுப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. கையைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியில் ஒட்டும் துண்டில் இரண்டு சீன எழுத்துகளை எழுதிக் காட்டினாள். முதல் எழுத்துக்குள் வேலையும் பலமும் சேர்ந்திருக்கின்றன. இரண்டாவது, வளர்ந்த ஆண். சேர்த்துச் சொன்னால், ஒரு காரியத்தில் காலமும் உழைப்பும் போட்டுப் பெற்ற கைத்திறன். மணிக்கணக்காகக் காய்ச்சிய சூப்புக்கும் சொல்வார்கள், நல்ல கையெழுத்துக்கும் சொல்வார்கள். சண்டைக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறதாம். வெளிநாட்டார்தான் சண்டையை மட்டும் குங்ஃபூ என்று பிடித்துக்கொண்டார்களாம்.

"இருபது வருடமாக வெட்டுகிறாய். அதைத்தான் சொன்னேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் விட மனமில்லாமல், "அதற்குள் ஆண் எதற்கு?" என்றேன்.

"ஆண் எழுத்தில் மட்டும்தான்" என்று சிரித்தாள். "எங்கள் வீட்டில் சூப் காய்ச்சியது அம்மா."

அடுத்த மாதம் பக்கத்து நகரமான பிக்கரிங்கில் என் கணவரின் தம்பி வீட்டில் பிறந்தநாள் விருந்து. கூடம் நிறைய ஆட்கள். தம்பியார் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"அண்ணி, உந்த வயசில உது தேவையோ? எங்க, ஒரு உதை விட்டுக் காட்டுங்கோவன்!"

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கமாக நானும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குசினிக்குள் சமையலைப் பார்க்கப் போயிருப்பேன். அன்று போகவில்லை.

"உதை இன்னும் பழகேல்லைத் தம்பி. நிக்கத்தான் பழகினனான். வாங்கோ, ரெண்டு பேரும் நிப்பம்."

சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவில் குதிரை நிலையில் நின்றேன். அவரும் சிரித்தபடியே எதிரே வந்து நின்றார்.

"விடுமப்பா, எல்லாரும் பாக்கினம்" என்றார் என் கணவர்.

"பாக்கட்டும்."

ஒரு நிமிடம் முடியுமுன்னே தம்பியாரின் தொடை நடுங்கியது. நெற்றி வியர்த்தது. "ஐயோ" என்றபடி சோபாவில் சாய்ந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கேக் வெட்டக் கூப்பிடும்வரை நான் நின்றேன். என் கால்களும் எரிந்தன, காட்டிக்கொள்ளவில்லை. அவர் மனைவி மட்டும் மெதுவாக வந்து, "என்ன கிழமை அக்கா வகுப்பு?" என்று கேட்டாள்.

போன மாதம் முதல் தரத்துக்கான தேர்வு நடந்தது. ஒரு அசைவில் உடலைத் திருப்பும்போது இடது முழங்கால் மடங்கிவிட்டது. சித்தியடையவில்லை. என்னைவிட இருபது வயது இளைய ஆசிரியை அதை மழுப்பாமல் முகத்துக்கு நேரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீடு திரும்பும் வழியில் காரை ஓட்டியபடி கணவர் கேட்டார்: "இனியெண்டாலும் விடுவீர்தானே?"

"ஏன் விடுறது? இன்னும் பழகேல்லை எண்டுதானே தோத்தனான்."