சேவலுக்கு விடுதலை இல்லை

அவர் சட்டம் பேசினாரா, என்னிடம் விளையாடினாரா என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

மலேசியாவில் பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருந்தார். சிறை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விறைத்த முதுகு, முறுக்கிய மீசை, இடுப்பில் சாவிக்கொத்து. அத்தனை சாவியும் கோழிக்கூண்டுக்குத்தான். கூண்டுக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைப் பூட்டிய பிறகுதான் உள்கதவைத் திறப்பார். சிறையில் பழகிய கை. மாலையில் கோழிகளை எண்ணிச் சரிபார்க்காமல் அவருக்குத் தேநீர் இறங்காது.

மறுநாள் முனியாண்டி பூசை. பலிக்குச் சேவல் கேட்டு அவரிடம் போனேன். மூலையில் தனிக்கூண்டில் ஒரு கொழுத்த சிவப்புச் சேவல் நின்றது. அதைக் காட்டினேன்.

"அவன விட முடியாது தம்பி. அடிதடி கேஸ். இன்னும் ரெண்டு வாரம் உள்ள இருக்கணும்."

"அப்ப அந்தக் கறுப்பு?"

"அவன் ஒரு தப்பும் செய்யல லா. ஒழுங்கா இருக்கிறவனுக்கு எதுக்குத் தூக்கு?"

மோட்டார் சைக்கிளைப் பகாவ் பாசார் சந்தைக்கு விட்டேன். அங்கே ஒரு சேவல் கிடைத்தது.

பூசை முடிந்து விருந்து. முதல் வரிசையில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். கோழிக்கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, இந்தச் சேவல் மட்டும் என்ன தப்பு செஞ்சிச்சு?"

எலும்பை நிதானமாக உறிஞ்சி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி? இது வேற ஜெயில் கேஸ்."