முதல் ஆசனத்தில் ஜெனி

அப்பா கண்டால் அம்மாவின் போன் கடலில்தான். ஜெனியைப் பற்றி வெளியில் கதைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவர் உறங்கிவிட்டார், அந்தப் போனில் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

தங்கை ஜெனிக்கு ஓட்டிசம். பஸ்ஸில் மதகுருமாருக்கென ஒதுக்கிய முதல் ஆசனத்தில் மட்டுமே இருப்பாள்.

இன்று பாலாவியில் ஒரு பிக்கு ஏறினார். அம்மா பதறி அவளைத் தூக்க, அவள் கண்ணாடியில் தலையை இடிக்கத் தொடங்கினாள்.

"வளர்க்கத் தெரியாட்டி வீட்டுல வச்சிருங்க" என்று யாரோ கத்தினார்.

அபாயா போட்ட ஓர் அக்கா பின்னாலிருந்து எழும்பி வந்து, தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தன் கையை வைத்தார். ஒவ்வொரு இடியும் அந்தக் கையில் விழுந்தது.

"தூக்காதீங்க தங்கச்சி. என்ட மகனும் இப்புடித்தான்" என்றார் அம்மாவிடம்.

பிறகு பிக்குவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்துவிட்டு, புத்தளம் வரை கம்பியைப் பிடித்து நின்றே வந்தார். பிக்கு நிற்க, எங்கள் ஜெனி இருந்தாள். மெல்ல மெல்ல இடிப்பதும் நின்றது.

இறங்கும்போது அக்கா, "சனிக்கிழம எங்கட வூட்ட வாங்க. இப்புடிப் புள்ளைகள் உள்ள உம்மாமார் நாலு பேர் சேருவோம்" என்றார்.

"ஓம், வாறன்" என்றார் அம்மா. ஜெனி பிறந்த பிறகு அம்மா யாருக்கும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமைக்கு அப்பாவிடம் சொல்ல ஒரு நல்ல பொய் தேவை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அந்தப் பொய்க்காக ஞாயிறு சேர்ச்சில் செய்யவேண்டிய பாவசங்கீர்த்தனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.