ஆஸ்பத்திரிக்கு வந்த பூங்கொத்து

தொண்ணூறுகளில், லண்டனின் செவன் கிங்ஸில் ஒரு வழக்கறிஞருக்கு மொழிபெயர்க்கப் போனபோது, அவரிடம் விபத்து வழக்கு கொடுத்திருந்த ஈழத்தமிழர் ஒருவரைச் சந்தித்தேன். நெடிய மனிதர். கோட்டைக் கழற்றாமல், வான் வண்டி மோதி முறிந்த வலக்கையை இடக்கையால் தாங்கியபடியே உட்கார்ந்திருப்பார்.

அவருடைய சிகிச்சைச் செலவை, வேலை பார்த்த கம்பெனியின் மருத்துவத் திட்டம் கட்டியிருந்தது. மோதியவரின் இன்சூரன்ஸிலிருந்து நஷ்டஈடு கிடைத்ததும் கம்பெனி அந்தச் செலவைத் திருப்பிக் கேட்டது. ஒப்பந்தம் அப்படித்தான் என்று வழக்கறிஞர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, கம்பெனியில இருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பூங்கொத்து அனுப்பினவை. அதுக்கும் கழிக்கினமோ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். வழக்கறிஞர் சிரித்து, இல்லை என்றார்.

“அப்ப அது சும்மா தந்ததுதான்.” அவர் முகம் தெளிந்தது. “அங்க என்னைப் பாக்க வந்தது அது ஒண்டுதான்.”

இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.