வாய் பெருத்த வீரரும் மஞ்சள் தண்ணீரும்

இந்தப் பயணத்தில் பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா கோபப்பட்ட இடங்களையும் விடமாட்டேன். நம் பள்ளிக் கையெழுத்து இதழைப் படித்துவிட்டு யாராவது அந்தப் பக்கம் போக நினைத்தால் உதவட்டும் என்று பேருந்துச் செலவையும் எழுதியிருக்கிறேன்.

போனதற்குக் காரணம் என் அக்கா மல்லிகா. மாவட்ட ஓட்டப் போட்டிகளில் அவளை முந்த ஆள் இல்லை. கிள்ளானில் தனபாலன் என்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார், அக்காவை அனுப்புங்கள் என்று அவளுடைய ஆசிரியை வீட்டுக்கே வந்து சொன்னார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டிதான் தனபாலனுக்குத் தொழில். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா வரைக்கும் போய்ப் பரிசு வாங்கியிருக்கிறார்.

ஆனால் அப்பா அவருடைய வானொலிப் பேட்டியைக் கேட்டிருந்தார். "இந்த ஊருல மத்தவங்க எல்லாரும் ரெண்டாவது எடத்துக்குத்தான் போட்டி போடுறாங்க" என்று அவர் சொன்னதும் அப்பா வானொலியை அடைத்துவிட்டார்.

"இவன்கிட்ட அனுப்பி, எம்பொண்ணும் இப்படிப் பேசக் கத்துக்கணுமா?"

"ஆள நேர்ல பாக்காம எப்படிங்க முடிவு பண்றது?" என்றார் அம்மா.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் அவர் போட்டியிடப் போவதாகச் செய்தி வந்தது. போட்டியின் ஓட்டப் பகுதி எங்கள் சித்தப்பா வேலை செய்யும் தோட்டத்து வழியாகப் போகிறது. "ஆளப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அப்பா கிளம்பினார். அக்காவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா, அக்கா, நான் மூவரும் எங்கள் ஊர் சுங்கை ஆயர் தாவாரில் பேருந்து ஏறினோம். கோலா சிலாங்கூர் வரை பெரியவர்களுக்கு மூன்று வெள்ளி இருபது காசு, எனக்குப் பாதி. இடது பக்கம் உட்காருங்கள். செக்கிஞ்சான் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய வரை நெல்வயல்தான். தென்னையும் செம்பனையும் பார்த்தே வளர்ந்த எனக்கு, அத்தனை பச்சைக்கும் மேலே மரமே இல்லாத வானம் புதிதாக இருந்தது.

ஒன்பதரைக்குக் கோலா சிலாங்கூர். பேருந்து நிலையத்துக்கு எதிரே பாய் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். எங்கே பயணம் என்று கேட்ட பாயிடம் அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"தனபாலனா! இங்கதான் பதினோரு ரொட்டி தின்னாரு அண்ணே. தின்னுட்டு, இது சாதனை, செவுத்துல எழுதி வைங்கன்னாரு."

"எழுதுனீங்களா?" என்று நான் கேட்டேன்.

"எழுதல லா. ஆனா மறுநாள் நானே தின்னு பாத்தேன். ஏழுலயே மூச்சு முட்டிருச்சு."

அக்கா சிரித்தாள். அப்பா தேநீரைக் குடித்தார்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பேருந்து பதினொன்றுக்குத்தான். அதற்குள் பக்கத்துச் சிறு மலையேறிக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிடலாம். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், பையை மூடி வையுங்கள். மதியம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் சித்தப்பாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாக்கியம் சித்தியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்படி போட்டி நடத்துகிறவர்கள் தோட்டத்தில் சொல்லியிருந்தார்களாம். அதற்கு மஞ்சள் எதற்கு என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை, பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் போட்டி தொடங்கியது. தண்ணீர் பாசிப் பச்சையாக இருந்தது. ஐம்பது பேருக்கு மேல் கரையில் நின்றார்கள். தனபாலன் மட்டும் ஒலிபெருக்கியை வாங்கிப் பேசினார். "பின்னால வர்றவங்க பயப்படாதீங்க. உங்களுக்கும் சோறு மிச்சம் வைக்கிறேன்!"

"பாத்தியா?" என்று அப்பா அக்காவைப் பார்த்தார்.

ஆனால் அவர் நீந்தியதையும் எழுத வேண்டும். மற்றவர்கள் தண்ணீரை அடித்தார்கள். அவர் கை தண்ணீருக்குள் போன இடமே தெரியவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்தி முதல் ஆளாகக் கரையேறி, ஈரத்தோடு சைக்கிளில் தாவினார். கோலா சிலாங்கூர் வரை போய்த் திரும்ப நாற்பது கிலோமீட்டர். நாங்கள் சித்தப்பாவின் மோட்டார் வண்டியில் ஒவ்வொருவராகத் தோட்டத்துச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசிப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் அந்தச் செம்மண் சாலையில்தான்.

அந்தச் சாலையின் ஒரு திருப்பத்தில் சித்தியும் மற்றப் பெண்களும் குடிக்க மோர் ஒரு பக்கமும், மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர்க் குடங்கள் இன்னொரு பக்கமுமாக வரிசையாக நின்றார்கள். திருவிழாவில் காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் அந்தத் திருப்பத்தில்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வெயிலில் அவ்வளவு தூரம் ஓடி வரும் பிள்ளைகளுக்கும் கால் எரியும்தானே என்று சித்தி நினைத்திருக்கிறார்.

முதலில் வந்தவர் தனபாலன். காலில் பளிச்சென்று வெள்ளைச் சப்பாத்து. மோருக்காக அவர் கை நீட்டிய நேரத்தில் சித்தி ஒரு குடத்தையே அவர் காலில் கவிழ்த்துவிட்டார்.

"ஐயோ, என் சப்பாத்து! யார் ஊத்துனது? அறிவு இருக்கா உங்களுக்கு? இது வெளிநாட்டுச் சப்பாத்து!"

அவர் நின்ற இடத்திலேயே காலை உதறிக்கொண்டு கத்தினார். சித்தி குடத்தை முந்தானையால் மறைத்தார். அதற்குள் இரண்டாவதாக வந்த ராணுவ வீரர் ரஷீத்தின் காலிலும் பக்கத்து வீட்டு அக்கா ஊற்றிவிட்டார். அவர் "திரிமா காசே, காக்" என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு, சளக் சளக்கென்று ஓடிப்போனார். தனபாலன் அப்போதுதான் ஓடத் தொடங்கினார்.

ரஷீத்துக்குத்தான் முதல் பரிசு. தனபாலன் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டாவது. சித்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். "முடிஞ்சுது. கெளம்பலாம்" என்றார் அப்பா. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரிசு கொடுக்கும் இடத்தில் ஒரு நிருபர், தோட்டத்துப் பெண்கள் தடுத்ததாகப் புகார் கொடுப்பீர்களா என்று தனபாலனிடம் கேட்டார். நாங்கள் மூவரும் நின்றுவிட்டோம்.

"என்னா புகாரு? ரெண்டு பேருக்கும்தான் ஊத்துனாங்க. அவன் நன்றி சொல்லிட்டு ஓடுனான். நான் நின்னு கத்துனேன். கத்துன நேரத்துலதான் தோத்தேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுத்த தடவ வந்து பாருங்க. இந்த ரஷீத்துக்கு என் முதுகுகூடத் தெரியாது!" ரஷீத் விழுந்து விழுந்து சிரித்தார்.

மதியம் லயத்து வாசலில் தனபாலனே வந்து நின்றார். கையில் மஞ்சள் சப்பாத்து.

"அக்கா, கத்துனது தப்பு. இது வெளுக்குமா?"

சித்தி கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் சொன்னார். "சோப்புப் போட்டு வெயில்ல வெச்சா மஞ்சக் கறை போயிரும் தம்பி. சாப்டீங்களா?"

அவர் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டார். மூன்று தட்டு. "இந்த மீன் குழம்ப என்னளவுக்கு யாரும் தின்னுருக்க மாட்டாங்க" என்றார். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நானே தனபாலனிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். எண்ணூறு மீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடுகிறாய் என்று கேட்டார். அக்கா சொன்னாள்.

"மெதுவு" என்றார்.

அப்பா எழுந்துவிட்டார். "எம்பொண்ணு மாவட்டத்துலயே மொத ஆளு!"

"இருக்கட்டும் அண்ணே. மாவட்டம் சின்னது. நல்லாருக்குன்னு சொல்லி அனுப்ப எனக்கும் தெரியும், அதனால அவளுக்கு என்னா பிரயோசனம்?"

"இன்னும் கொறைக்க முடியுமா அண்ணே?" என்று அக்கா கேட்டாள்.

"நீ அழுவாம கேட்டல்ல, முடியும்." அவர் வெறுங்காலோடு எழுந்தார். "சப்பாத்து காயட்டும். அடுத்த ஞாயிறு கிள்ளானுக்கு வந்தா கொண்டா. வரலன்னா சித்தப்பா வெச்சுக்கட்டும்." அப்பாவைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

அவரைப் பாராட்டலாமா என்று மாலை முழுவதும் யோசித்தேன். விளையாட்டில் பாராட்டலாம், சந்தேகமே இல்லை. மனிதராக? சித்தியிடம் கத்தியது அசிங்கம். அதை நான் அழிக்கமாட்டேன். ஆனால் தோற்றதற்குச் சித்தியைக் காரணம் காட்டியிருந்தால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். அவர் காட்டவில்லை. தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசும் அதே வாய் தன் தப்பையும் உரக்கவே சொன்னது. அடக்கமாகப் பேசும் எத்தனை பேர் அதைச் செய்வார்கள் என்று தெரியவில்லை. ஆகவே முக்கால் பங்கு பாராட்டுகிறேன். மீதிக் கால் பங்கை அவர் ரஷீத்திடம் கற்றுக்கொள்ளட்டும்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு, சனிக்கிழமையே போய்விடுங்கள். தொப்பி அவசியம். அந்தத் தோட்டத்துத் திருப்பத்தில் வெள்ளைச் சப்பாத்தோடு நிற்காதீர்கள்.

இதைச் சித்தி வீட்டு மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை ஊருக்குத் திரும்புகிறோம். அப்பா இப்போதுதான் கொடியிலிருந்து அந்தச் சப்பாத்தை எடுத்து வந்தார். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது. ஒரு செய்தித்தாளில் சுற்றி, அக்காவின் பைக்குள் அவளுடைய துணிகளுக்கு மேலே வைத்தார். தூங்குவதுபோல் படுத்திருந்த அக்கா போர்வைக்குள் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. பத்து மணி. தோட்டத்துக்கு மின்சாரம் தரும் இஞ்சின் நின்றது. விளக்குகள் அணைந்துவிட்டன.